படிக்கட்டுக் கம்பிகளின் இடைவெளி: சிறு கணக்கில் தங்கியுள்ள பிள்ளைகளின் பாதுகாப்பு

கண்டி நகரையும் அதனைச் சூழவுள்ள பிரதேசங்களையும் எடுத்து நோக்கினால், படிக்கட்டு இல்லாத வீட்டைக் காண்பது அரிதாகும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்துள்ள இந்நகரில் சமதரை என்பது எளிதில் கிடைக்காத ஒன்று. மஹியாவை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கெலிஓயா, கம்பளை என எங்கு சென்றாலும், வீதிப் பக்கமாகப் பார்க்கும்போது ஒற்றைத் தளமாகத் தோன்றும் வீடு பின்பக்கச் சரிவில் இரண்டு மூன்று தளங்களாக இறங்கிச் செல்வதைக் காணலாம். வாசலுக்கு வர ஒரு படிக்கட்டு, மாடிக்கு ஏற ஒரு படிக்கட்டு, சமையலறைக்குப் பின்னால் கீழ்த்தளத்துக்கு இறங்க மற்றொரு படிக்கட்டு என்பது மலைநாட்டு வீடுகளின் இயல்பாகிவிட்டது.

இத்தகைய வீடுகள் பெரும்பாலும் ஒரே மூச்சில் கட்டி முடிக்கப்படுவதில்லை. முதலில் கீழ்த்தளம், வெளிநாட்டில் உழைக்கும் மகன் பணம் அனுப்பியதும் மேல்தளத்தின் தூண்கள், மகளின் திருமணம் நிச்சயமானதும் கூரை என்று குடும்பத்தின் கைப்பணத்துக்கு ஏற்ப வீடு வளர்கிறது. படிக்கட்டு கொங்கிறீற்றில் வார்க்கப்பட்டுவிடும். ஆனால் அதன் ஓரத்தில் அமைய வேண்டிய கைப்பிடித் தடுப்பு, வேலைகளின் பட்டியலில் கடைசி இடத்தையே பெறுகிறது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது இரும்பு, சீமெந்து ஆகியவற்றின் விலைகள் கடுமையாக உயர்ந்ததைத் தொடர்ந்து, தடுப்பை ஒத்திப்போடுவதும் கம்பிகளைக் குறைத்துப் போடுவதும் பலருக்கு இலகுவான சிக்கனமாகத் தோன்றியதில் வியப்பில்லை. "ஆறு அங்குலம் விட்டு ஒரு கம்பி போடுங்கள்" என்று வீட்டுக்காரர் சொல்ல, வேலை செய்யும் பாஸும் கண்மதிப்பாக அடையாளமிட்டு வேலையை முடித்துவிடுகின்றார்.

அந்த ஆறு அங்குலம்தான் பிரச்சினை. கைப்பிடித் தடுப்பு என்பது முதியவர் பிடித்து ஏறுவதற்கு மாத்திரம் உரியதன்று. தவழத் தொடங்கிய குழந்தையும் ஓடித் திரியும் சிறுவனும் விளிம்பைத் தாண்டி விழாமல் காப்பதும் அதன் பணியாகும். சிறு குழந்தையின் உடலமைப்பில் தலையே பெரியது. மார்பும் இடுப்பும் ஒப்பீட்டளவில் ஒடுங்கியவை. எனவே ஆறு அங்குல இடைவெளியில் ஒரு குழந்தை முழுமையாக நழுவி விழ இடமுண்டு. அதைவிடச் சற்றே ஒடுங்கிய இடைவெளியிலோ கால்களும் உடலும் வெளியே சென்று, தலை மாத்திரம் கம்பிகளுக்கு இடையில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. இவ்விரண்டில் எது கொடியது என்று கூறுவது கடினம். இடைவெளி 4 அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 100 மில்லிமீற்றரைத் தாண்டாதிருந்தால் இவ்விரு ஆபத்துகளையும் பெருமளவு தவிர்த்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட தரவுகளின்படி, தவறி விழுவதனால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 684,000 பேர் உயிரிழக்கின்றனர். தற்செயலான காயங்களால் ஏற்படும் மரணங்களில் வீதி விபத்துகளுக்கு அடுத்த இடம் இதற்கே உரியது. இந்த எண்ணிக்கையில் படிக்கட்டுகளின் பங்கு ஒரு பகுதியே. ஆயினும் வீட்டுக்குள்ளேயே, பெற்றோரின் கண்முன்னாலேயே நிகழக்கூடியது என்பதனால் அது தனிக் கவனத்துக்குரியது.

பல நாடுகள் இவ்விடயத்தைச் சட்டத்தினால் வரையறுத்துள்ளன. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கக்கூடிய கட்டடங்களில், 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் உருண்டை தடுப்பின் எந்த இடைவெளியினூடாகவும் செல்லக்கூடாது என்பது பிரித்தானிய விதி. அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிக்கோவையும் 4 அங்குல உருண்டையையே அளவுகோலாகக் கொள்கிறது. படிக்கட்டின் சரிவுப் பகுதிக்கு மாத்திரம் சிறு தளர்வு அளிக்கிறது. அந்நாட்டிலும் ஒரு காலத்தில் 6 அங்குலம் அனுமதிக்கப்பட்டிருந்து, குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதியே அது பின்னர் குறைக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவில் எல்லை 125 மில்லிமீற்றர். உயரமான இடத்துக்குத் தடுப்பு வேண்டும் என்ற எண்ணம் இக்காலத்துக்கு மாத்திரம் உரியதுமன்று. தடுப்பில்லாத வீட்டுக் கூரையில் உறங்குவதைக் கண்டிக்கும் நபிமொழியொன்று அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. புதிய வீடு கட்டுபவர் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் அமைக்க வேண்டும் என்ற கட்டளை விவிலியத்தின் உபாகம நூலிலும் காணப்படுகிறது.

இடைவெளி ஒடுங்கியிருக்க வேண்டும் என்பதுடன், சமமாகவும் இருக்க வேண்டும். இதனை வெறும் அழகுணர்ச்சி சார்ந்த விடயமாகக் கருதிவிடக்கூடாது. இருபது இடைவெளிகளில் பத்தொன்பது சரியாக இருந்து ஒன்று மாத்திரம் அகன்றிருந்தால், குழந்தை விழுவதற்கு அந்த ஒன்றே போதுமானது. அழகின் அடிப்படையில் நோக்கினாலும், ஒரே வடிவம் வரிசையாகத் திரும்பத் திரும்ப வரும்போது அதிலுள்ள சிறு பிசகையும் கண் உடனே கண்டுகொள்கிறது. கண்டி வாவியின் கரையிலுள்ள முகில் மதில் இதற்கு நல்ல சான்று. கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் எழுப்பப்பட்டு, 1815இல் இராச்சியம் பிரித்தானியர் வசமானபோது முற்றுப் பெறாதிருந்த அம்மதிலில், அலை போன்ற வளைவுகளும் விளக்கேற்றுவதற்கான முக்கோணத் துவாரங்களும் ஒழுங்கான வரிசையில் தொடர்கின்றன. அந்த ஒழுங்கே அதன் அழகு. எமது வீட்டுப் படிக்கட்டிலும் அதே ஒழுங்கைக் கொண்டுவருவதற்குப் பெரிய கலைஞானம் எதுவும் தேவையில்லை. பாடசாலையில் கற்ற கூட்டலும் வகுத்தலும் போதும்.

கணக்கில் பலரும் தவறும் இடம் ஒன்றே. இரண்டு தூண்களுக்கு இடையில் கம்பிகளை நிறுத்தும்போது, இடைவெளிகளின் எண்ணிக்கை கம்பிகளின் எண்ணிக்கையைவிட எப்போதும் ஒன்று அதிகமாக இருக்கும். ஒரு கம்பி நட்டால் இரண்டு இடைவெளிகள்; இரண்டு நட்டால் மூன்று. இதனை மறந்து, மொத்த நீளத்தைக் கம்பிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடும்போதுதான் கடைசியில் கோணல் ஏற்படுகிறது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு தூணின் உட்புறத்திலிருந்து மறு தூணின் உட்புறம் வரை 2,400 மில்லிமீற்றர் (ஏறத்தாழ 8 அடி) இருப்பதாகவும், பயன்படுத்தும் சதுரக் கம்பியின் பருமன் 20 மில்லிமீற்றர் எனவும் கொள்வோம். பாஸ் 100 மில்லிமீற்றர் நீளமான பலகைத் துண்டொன்றை வைத்து ஒரு முனையிலிருந்து கம்பிகளை நிறுத்திக்கொண்டே செல்கின்றார். ஒவ்வொரு கம்பியும் அதன் இடைவெளியும் சேர்ந்து 120 மில்லிமீற்றர். பத்தொன்பதாவது கம்பி முடியும்போது 2,280 மில்லிமீற்றர் கடந்துவிடும், மீதியிருப்பது 120. அதை அப்படியே விட்டால் கடைசி இடைவெளி எல்லையைத் தாண்டிவிடுகிறது. இருபதாவது கம்பியை முறைப்படி நிறுத்தினால், அது மறு தூணோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டும் சரியில்லை என்று கண்டு, கடைசி நான்கைந்து கம்பிகளை அப்படி இப்படி நகர்த்திச் சமாளிப்பதே வழமையாக நடப்பது.

சரியான முறை மூன்று படிகளைக் கொண்டது. முதலாவதாக, மொத்த நீளத்துடன் ஒரு கம்பியின் பருமனைக் கூட்ட வேண்டும்: 2,400 உடன் 20 சேர்ந்தால் 2,420. ஏன் கூட்ட வேண்டும் என்ற கேள்வி எழலாம். இடைவெளி ஒன்று அதிகமாக இருப்பதால், வரிசையின் முடிவில் கற்பனையாக ஒரு கம்பியைச் சேர்த்துக்கொண்டால், "ஓர் இடைவெளி, ஒரு கம்பி" என்ற சோடிகள் மீதியின்றி நிறைவடையும். இரண்டாவதாக, அந்தத் தொகையை, அனுமதிக்கத்தக்க ஆகக்கூடிய இடைவெளியும் கம்பியின் பருமனும் சேர்ந்த அளவால் வகுக்க வேண்டும்: 2,420ஐ 120ஆல் வகுத்தால் 20.17. இதனை எப்போதும் மேல்நோக்கியே முழு எண்ணாக்க வேண்டும் என்பதால் 21 இடைவெளிகள். ஆகவே 20 கம்பிகள். மூன்றாவதாக, அதே 2,420ஐ 21ஆல் வகுத்தால் ஒரு கம்பியின் மையத்திலிருந்து அடுத்த கம்பியின் மையத்துக்கான தூரம் கிடைக்கும்: 115.24 மில்லிமீற்றர். அதிலிருந்து கம்பியின் பருமனைக் கழித்தால் வெற்றிடைவெளி 95.24. எல்லைக்குள் அடங்கிவிட்டது.

எனினும் 115.24 என்ற எண்ணை அளவுநாடாவில் குறிப்பது சிரமமானது. இன்னும் ஒரு கம்பியைச் சேர்த்துப் பாருங்கள். 21 கம்பிகள், 22 இடைவெளிகள். 2,420ஐ 22ஆல் வகுத்தால் சரியாக 110. வெற்றிடைவெளி 90 மில்லிமீற்றர். குறிப்பதற்கும் இலகு, பாதுகாப்புக்கும் மேலதிக இடமுண்டு. ஆபத்தான பத்தொன்பது கம்பித் தடுப்புக்கும் ஒழுங்கான இந்தத் தடுப்புக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இரண்டே இரண்டு கம்பிகள் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. வீடு கட்டச் செலவான பணத்தோடு ஒப்பிடும்போது அது எம்மாத்திரம்?

கணக்கைச் செய்த பின்னர் குறிப்பதிலும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பியை அளந்து, அதிலிருந்து அதற்கடுத்ததை அளந்து சென்றால், ஒவ்வொரு தடவையும் ஏற்படும் 2 மில்லிமீற்றர் பிழை இருபத்திரண்டு இடைவெளிகளில் 44 மில்லிமீற்றராகச் சேர்ந்துவிடும். அதற்குப் பதிலாக, அளவுநாடாவை முதல் தூணின் உட்புறத்தில் பிடித்து, அதனை அசைக்காமல் எல்லா மையங்களையும் ஒரே தடவையில் குறிக்க வேண்டும். எமது உதாரணத்தில் முதல் மையம் 100இல் அமையும். அடுத்தவை 210, 320, 430 எனத் தொடர்ந்து, இருபத்தோராவது மையம் 2,300இல் அமையும். மறு தூணுக்கு அங்கிருந்து எஞ்சுவதும் 100. இரு முனைகளும் ஒன்றுபோல அமைந்தால் கணக்குச் சரியென்று அறியலாம்.

இதுவரை கூறியது சமதளமான படிமேடைக்கும் மாடி முகப்புக்கும் பொருந்தும். சரிவான படிக்கட்டில்தான் பலரும் குழம்பிப்போகின்றனர். கம்பிகள் நிலைக்குத்தாக நிற்பதனால், அவற்றுக்கிடையிலான இடைவெளியைக் கிடையாகவே அளக்க வேண்டும். சரிவின் வழியே அளக்கக்கூடாது. ஒரு படியின் உயரம் 180 மில்லிமீற்றர், மிதிக்கும் பகுதியின் அகலம் 240 மில்லிமீற்றர் என வைத்துக்கொண்டால், பைதகரசின் தேற்றப்படி ஒரு படிக்கான சரிவு நீளம் 300 மில்லிமீற்றர். பத்துப் படிகளுக்குக் கிடைத்தூரம் 2,400. சரிவுத் தூரமோ 3,000. அதாவது சரிவில் ஒவ்வோர் அளவும் 1.25 மடங்காகிறது. எனவே மேலே கண்ட அதே 21 கம்பிகளை இப்படிக்கட்டில் நிறுத்தும்போது, சாய்ந்த கீழ்ச்சட்டத்தில் முதல் மையத்தை 125இலும், அதன்பின் 137.5 மில்லிமீற்றருக்கு ஒன்றாகவும் குறிக்க வேண்டும்.

இதனை அறியாமல் 110 என்ற அளவைச் சரிவிலேயே குறித்தால், உண்மையான வெற்றிடைவெளி 68 மில்லிமீற்றராகக் குறுகி, ஐந்தாறு கம்பிகள் வீணாகும். இது பணநட்டம் மாத்திரமே. மறுதலையாக, சரிவுக்குரிய 137.5ஐ மேலேயுள்ள படிமேடைக்கும் அப்படியே பயன்படுத்தினால், அங்கு வெற்றிடைவெளி 117.5ஆகி எல்லையைக் கடந்துவிடும். உயரம் மிகுந்த இடம் படிமேடையே என்பதால் இது ஆபத்தானது. கணக்கை விரும்பாதோருக்கு வேறொரு வழியும் உண்டு. நேரான சட்டமொன்றை நீர்மட்டம் பார்த்துக் கிடையாகப் பிடித்து, அதில் 110 வீதம் குறித்து, ஒவ்வொரு குறியிலிருந்தும் தூக்குக்குண்டை இறக்கினால், சரிவில் அது தொடும் இடமே கம்பியின் இடமாகும்.

படிக்கு இரண்டு கம்பிகள் என்ற பழைய வழக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதற்கில்லை. மிதிக்கும் பகுதி 240 மில்லிமீற்றராயின், 20 மில்லிமீற்றர்க் கம்பிகள் இரண்டு போடும்போது இடைவெளி சரியாக 100. மிதி 250 ஆகிவிட்டால் அதுவே 105ஆகிவிடும். மிதி அகலமாக அகலமாக, ஏறுவதற்குச் சுகமாக இருக்கும் அதே படிக்கட்டில் கம்பிகளின் இடைவெளி எல்லையை மீறிக்கொண்டு போகிறது.

தூண்கள் திரும்பும் ஒவ்வொரு மூலையிலும் கணக்கைப் புதிதாகத் தொடங்க வேண்டும். மேலே 1,000 மில்லிமீற்றர் நீளமான படிமேடை ஒன்று இருப்பின், 1,020ஐ 120ஆல் வகுக்க 8.5, ஆகவே 9 இடைவெளிகள், 8 கம்பிகள். வெற்றிடைவெளி 93.3 மில்லிமீற்றர். கீழேயுள்ள 90க்கும் இதற்கும் இடையிலான மூன்று மில்லிமீற்றர் வித்தியாசத்தை எவரும் கண்டுகொள்ளப் போவதில்லை. எல்லாப் பகுதிகளுக்கும் ஒரே எண்ணை வலிந்து திணிப்பதைவிட, ஒவ்வொரு பகுதியையும் அதனளவில் சமமாகப் பிரிப்பதே சிறந்தது.

வார்ப்பில் செய்த கொங்கிறீற்றுக் குறுந்தூண்களையும் கடைசல் செய்த மரத் தூண்களையும் விரும்புவோர் இன்னுமொன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றின் நடுப்பகுதி பருத்தும் கழுத்துப் பகுதி மெலிந்தும் இருக்கும். பருத்த பகுதி 110 மில்லிமீற்றரும் கழுத்து 55 மில்லிமீற்றரும் கொண்ட தூண்களை மையத்துக்கு மையம் 180 வீதம் நிறுத்தினால், பருத்த இடத்தில் 70 மில்லிமீற்றர் இடைவெளியே தெரியும். கழுத்துப் பகுதியிலோ அது 125. ஆகவே கணக்கில் சேர்க்க வேண்டிய பருமன், தூணின் மிக மெலிந்த பகுதியின் பருமனே. படியின் மூலைக்கும் சாய்ந்த கீழ்ச்சட்டத்துக்கும் இடையில் உருவாகும் முக்கோண இடைவெளியும் மறக்கப்படுகிறது. அதனூடாக 6 அங்குல உருண்டை செல்லக்கூடாது என்பது அமெரிக்க விதி.

அண்மைக் காலமாகத் துருப்பிடிக்காத உருக்குக் குழாய்களைக் கிடையாகப் பொருத்தும் பாணி நகர்ப்புற வீடுகளில் பரவி வருகின்றது. பார்வைக்கு நவீனமாக இருப்பினும், சிறு பிள்ளைக்கு அது ஏணியாகவே அமையும். இடைவெளி எவ்வளவு ஒடுங்கியிருந்தாலும், ஏறிக் கடக்கக்கூடிய தடுப்பு தடுப்பாகாது. பிள்ளைகள் எளிதில் ஏற முடியாதவாறு தடுப்பு அமைய வேண்டும் என்பதைப் பிரித்தானிய விதிகளும் வலியுறுத்துகின்றன. வீட்டுப் படிக்கட்டுக்கு 900 மில்லிமீற்றர், மாடி முகப்புக்கு 1,100 மில்லிமீற்றர் என அவை குறைந்தபட்ச உயரத்தையும் வரையறுத்துள்ளன. மெல்லிய கம்பிகள் அழுத்தும்போது வளைந்து இடைவெளி விரியும் என்பதால், கம்பியின் உறுதியும் பொருத்தின் உறுதியும் கணக்கைப் போலவே முக்கியமானவை.

ஏற்கெனவே அகன்ற இடைவெளியுடன் அமைந்துவிட்ட தடுப்பை உடைத்தெறிய வேண்டியதில்லை. 150 மில்லிமீற்றர் இடைவெளி ஒவ்வொன்றின் நடுவிலும் 12 மில்லிமீற்றர்க் கம்பியொன்றை ஒட்டினால், இருபுறமும் 69 மில்லிமீற்றர் வீதம் சமமாகப் பிரிந்துவிடும். அதற்கும் வசதி கிட்டும் வரை, உறுதியான வலையொன்றை இறுகக் கட்டி வைப்பது தற்காலிகப் பாதுகாப்பாக அமையும். பரிசோதிப்பதும் எளிது. 100 மில்லிமீற்றர் அகலமாக வெட்டிய பலகைத் துண்டொன்றை எடுத்துச் சென்று, எந்த இடைவெளியிலாவது அது தாராளமாக நுழைகிறதா என்று பார்த்தாலே போதும்.

இது வீடுகளுக்கு மாத்திரம் உரிய விடயமன்று. கண்டி நகரின் கடைத்தெருக்களில் மேல்மாடிகளில் இயங்கும் தனியார் வகுப்புகள், சிறுவர் பயிலும் மத்ரஸாக்கள், அறநெறிப் பாடசாலைகள், பள்ளிவாசல்கள், கோயில் மண்டபங்கள் ஆகியவற்றின் படிக்கட்டுகளில் ஒரே நேரத்தில் பல பிள்ளைகள் நெருக்கியடித்து ஏறி இறங்குகின்றனர். 2006ஆம் ஆண்டில் வெளியான, வலுவிழந்தோருக்கான அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்கள் எல்லோரும் அணுகத்தக்கவையாக இருக்க வேண்டும் என வலியுறுத்தின. முதியோரினதும் வலுவிழந்தோரினதும் கைக்கு எட்டும் பிடியைப் பற்றிச் சிந்திக்கும்போதே, பிள்ளையின் உடல் நுழையாத இடைவெளியையும் நிர்வாகங்கள் சேர்த்துச் சிந்திப்பது பொருத்தமானது.

வீட்டு வரைபடம் மாநகர சபையினதோ பிரதேச சபையினதோ அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கப்படும்போது, படிகளின் எண்ணிக்கையும் அகலமும் அதில் காட்டப்படுகின்றன. அதே தாளின் ஓரத்தில் தடுப்பின் உயரம், கம்பியின் பருமன், கம்பிகளின் எண்ணிக்கை, மையத்துக்கு மையம் உள்ள தூரம் ஆகிய நான்கு எண்களையும் எழுதித் தருமாறு படவரைஞரிடம் கேட்பதற்கு மேலதிகச் செலவு எதுவுமில்லை. அந்நான்கு எண்களும் கையிலிருந்தால் எந்த பாஸும் பிசகின்றி வேலை செய்வார். வீட்டுக்காரரும் வேலையைச் சரிபார்த்துக்கொள்ளலாம். அங்கீகாரம் வழங்கும் சபைகளும் மேற்பார்வை செய்யும் அலுவலர்களும் இந்த நான்கு எண்களைக் கேட்டுப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்துவார்களாயின், அது பேருதவியாக அமையும்.

படிக்கட்டின் தடுப்பு, வசதி வந்த பின்னர் சேர்க்கும் அலங்காரம் அன்று. மாடியில் குடியேறுவதற்கு முன்னர் பூர்த்தி செய்ய வேண்டிய வேலைகளில் அதுவும் ஒன்று. புதிதாகக் கட்டுபவர்கள் கணக்கைப் போட்டுவிட்டுக் கம்பி வாங்கட்டும். கட்டி முடித்தவர்கள் இன்றே ஓர் அளவுநாடாவை எடுத்துத் தமது படிக்கட்டை அளந்து பார்க்கட்டும். ஐந்து நிமிட வேலையில் எமது பிள்ளைகளின் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியுள்ளது என்பதை மலைநாட்டில் வாழும் ஒவ்வொரு குடும்பமும் உணர்ந்துகொள்வது அவசியமாகும்.